கொலைக்கதை கேட்டு வளர்ந்த ஊரில் ஒரு பதிப்பகம்

நானும் என் மதினியும் பாளையங்கோட்டையில் ஒரு பதிப்பகம் தொடங்கியிருக்கிறோம். துப்பறியும் நாவல், பேய்க்கதை, அறிவியல் புனைகதை, மாயப் புனைவு. இவை மட்டும்தான். கவிதைத் தொகுப்பு, கட்டுரைத் தொகுப்பு, போட்டித் தேர்வுக் கையேடு எதுவும் கிடையாது. முதல் மூன்று நாவல்கள் மெய்ப்பில் இருக்கின்றன. தெரிந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னால் உடனே வருகிற கேள்வி, "அதுக்கு மெட்ராஸ்லல்லா போயி உக்காரணும்?" என்பது. அடுத்த கேள்வி சற்றுத் தயங்கித்தான் வரும்: "போடுததுதான் போடுதிய, நல்ல இலக்கியமா போடலாம்லா?" இரண்டுக்கும் நின்று பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஊர்க் கேள்விக்கு முதலில் வருகிறேன். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். அங்கே ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற பாதிரியார் தங்கித் தமிழ் படித்தார். அவர் எழுதிய தமிழ்ப் புத்தகங்கள் 1578 முதல் அச்சேறின. 1586இல் வந்த அவருடைய புனிதர் வரலாற்று நூல் புன்னைக்காயலிலேயே அச்சானதாகக் கருதப்படுகிறது. 1920இல் தொடங்கிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் இன்றைக்கும் தன் பெயரின் முதல் சொல்லாக 'திருநெல்வேலி'யைத்தான் வைத்திருக்கிறது. பங்கு சேர்த்து, கம்பெனியாகப் பதிந்து, சங்க இலக்கியத்தை வீடு வீடாகக் கொண்டுபோன நிறுவனம் அது. அந்த ஊர்க்காரர்கள் புத்தகம் போட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் சிவகாசி. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ் அங்கிருந்து வரத் தொடங்கின. இன்றும் வருகின்றன. தமிழில் வெகுஜனக் கதைகளின் மாத இதழ்கள் ஒவ்வொன்றாக மெலிந்தபோதும் அவர்கள் நின்றதற்கு நான் காணும் காரணம், சந்தா. வாசகர் முன்னாலேயே பணம் கட்டுகிறார், புத்தகம் வீட்டுக்கு வருகிறது, அடுத்த ஆண்டும் கட்டுகிறார். இடையில் எந்தப் பெருநகரமும் தேவைப்படவில்லை. எங்கள் பதிப்பகத்தின் கணக்கை இந்தப் பாடத்தை வைத்துத்தான் போட்டிருக்கிறோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

'நல்ல இலக்கியம்' என்கிற கேள்விதான் எனக்கு முக்கியமானது.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில், அதாவது திருவிழாக்களில், வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே பாடப்படுகிற கதைகளில் பல, கொலைக்கதைகள். ஏமாற்றிக் கொல்லப்பட்ட பெண் இசக்கி என்ற தெய்வமாகத் திரும்பி வந்து பழி வாங்குகிறாள். முத்துப்பட்டன் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன், அருந்ததியர் வீட்டுப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டவன். மாமனாரின் மாட்டுக்கிடையைக் காக்கப் போன இடத்தில் குத்துப்பட்டுச் சாகிறான். பாபநாசம் மலைமேல் சொரிமுத்தையனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான், மக்கள் அவனுக்குச் செருப்புக் காணிக்கை செலுத்துகிறார்கள். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார். அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். யார் செத்தார், எங்கே செத்தார், யார் பார்த்தது, எதை மறைத்தார்கள் என்று அந்தப் பாடல்கள் அடுக்குகிற முறை, நல்ல குற்றக்கதையின் முறை.

கேட்கிறவர்களுக்குக் கதையின் முடிவு முன்னாலேயே தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். குடமும் உடுக்கும் ஒலிக்க, புலவர் கொலை நடக்கிற இடத்துக்கு வரும்போது கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட கேள்வி ஞானம் உள்ள மக்களைப் பார்த்து, "கொலைக்கதை, பேய்க்கதை எல்லாம் பொழுதுபோக்கு, மட்டமான சரக்கு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தனே பேய்க்கதை எழுதினார், மாயப் புனைவும் எழுதினார். தமிழின் மிகச் சிறந்த சிறுகதைகளை எழுதிய அதே கையால்தான் எழுதினார். இது உசத்தி, இது மட்டம் என்கிற வேலியைப் பின்னால் வந்தவர்கள் போட்டார்கள்.

வேலியால் நேர்ந்த கெடுதல் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். மட்டம் என்று சொல்லப்பட்டதால், இந்தக் கதைகளை யாரும் கவனித்து எடிட் செய்யவில்லை. பல நாவல்கள் மாதக் கெடுவுக்காக அவசரமாக எழுதப்பட்டு அவசரமாக அச்சாயின. தாள் மட்டமானது, பசை மட்டமானது. நூலகங்கள் சேர்த்து வைக்கவில்லை. ஒரே தொகையைக் கொடுத்து உரிமையை வாங்கிக்கொள்கிற வழக்கம் நீண்ட காலம் இருந்ததால், எழுதியவர்களுக்கு மறுபதிப்பில் பங்கு கிடைக்கவில்லை. எத்தனையோ லட்சம் பேரை வாசகர்களாக்கிய எழுத்துக்கு நாம் செய்த மரியாதை அவ்வளவுதான். எங்கள் பதிப்பகம் செய்ய நினைப்பது ஒன்றே ஒன்று: இலக்கிய நாவலுக்குக் காட்டுகிற அதே அக்கறையை இந்தக் கதைகளுக்கும் காட்டுவது. எடிட்டிங்கில், தாளில், ஒப்பந்தத்தில்.

எங்கள் வாசகர் யார் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மதினி. சமாதானபுரம் பக்கம் அவர் பல வருஷம் வாடகை நூலகம் நடத்தினார். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தவர்கள் ஏதோ ஒரு பக்கத்து ஓரத்தில் பென்சிலால் தங்கள் குறியைப் போட்டுவைப்பார்கள். ஒரு பூ, ஓர் எழுத்து, இரண்டு கோடு. அடுத்த முறை எடுக்கும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால் படித்ததா படிக்காததா என்று தெரிந்துவிடும். ஒரே நாவலில் பத்துப் பதினைந்து குறிகள் இருக்கும். கடையை மூடிய பிறகும் மதினி அந்தப் புத்தகங்களையும் கணக்கு நோட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி நர்சுகள், பீடி சுற்றுகிற பெண்கள், ஆயுதப்படைக் காவலர்கள், கல்லூரி விடுதிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் என்று யார் யாரெல்லாமோ அந்த நோட்டுகளில் இருக்கிறார்கள்.

பதிப்பகம் பற்றிப் பேச்சு வந்தபோது மதினி சொன்னது இது: "ஏட்டி, எழுதுனது யாருன்னு முதல்ல கேக்க மாட்டாவ. அந்த ஆளு வந்த அடுத்த கத இருக்கான்னுதான் கேப்பாவ."

அந்த ஆள் என்றால் கதாநாயகன். துப்பறிகிறவன், துப்பறிகிறவள். இந்த வகைக் கதையின் வாசகர் ஒரு மனிதரோடு பழகுகிறார். பழகிய மனிதர் மறுபடி எப்போது வருவார் என்று காத்திருக்கிறார். இதனால்தான் ஒற்றை நாவல்களை மட்டுமே நம்பி ஒரு துப்பறியும் பதிப்பகம் நடத்த முடியாது என்று நினைக்கிறேன். முதல் புத்தகத்தில் நட்டம் வரலாம். மூன்றாவது புத்தகம் வரும்போதுதான் முதல் புத்தகம் விற்கத் தொடங்கும். அதுவரை தாங்குகிற அளவுக்குச் செலவைச் சிறிதாக வைத்துக்கொள்வதும், மூன்றாவது புத்தகத்தை எழுதுகிறவருக்கு அதுவரை ஊக்கம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் பதிப்பாளரின் வேலை.

எங்கள் முதல் நாவலின் துப்பறிவாளர் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். கையெழுத்துப் பிரதியைப் படித்தபோது இதற்காகவே அதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு சாவுக்குப் பின்னால் இருக்கிற காரணத்தைப் பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் என்ற நில ஆவணங்களில் தேடத் தெரிந்தவர் அவரைப் போல் வேறு யார்? எந்த வாய்க்கால் யார் வயலை ஒட்டிப் போகிறது, எந்தப் பாகப்பிரிவினை பதிவாகாமல் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். கதை 2023 டிசம்பர் வெள்ளத்தில் நடக்கிறது. அந்த நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, சுமார் 800 பயணிகள் வண்டியிலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும் மாட்டிக்கொண்டார்கள். யாரும் உள்ளே வர முடியாத, யாரும் வெளியே போக முடியாத இடம் என்று துப்பறியும் கதைக்காரர்கள் பங்களாவையும் தீவையும் தேடுவார்கள். தாமிரபரணி அதை எங்கள் வாசலிலேயே உண்டாக்கிக் காட்டியது. நாவலில் வருவது ரயில் இல்லை, ஆற்றங்கரையில் ஒரு தெரு. நாலு பக்கமும் தண்ணீர், மாடியில் ஏழு குடும்பம்.

இதை எடிட் செய்ததைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தி வாழ்ந்தவள் நான். சந்திப்பிழையும் ஒருமை பன்மை மயக்கமும் கண்ணில் தானாகப் படும். குற்றக்கதைக்கு அது போதாது. முதலில் ஒரு பெரிய சார்ட் தாளில் மணிக்கணக்கு போட்டோம். எந்த மணிக்கு எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு, கரண்ட் எப்போது போனது, செல்போன் டவர் எப்போது நின்றது, யார் எந்த மாடியில். ஒருவர் இரவு பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு மாடிக்குத் தாண்டுவதாக எழுதியிருந்தது. அந்த நேரத்துக்கு இடுப்பளவுத் தண்ணீர் என்றால் அவர் வேட்டி நனைந்திருக்க வேண்டும், மறுநாள் காலை அது யார் கண்ணிலாவது பட்டிருக்க வேண்டும். எழுத்தாளர் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். நனைந்த வேட்டியையே ஒரு துப்பாக மாற்றித் திரும்பக் கொண்டுவந்தார். என் வேலையில் இதைவிடச் சந்தோஷமான நாள் எனக்கு நினைவில்லை.

அடுத்தது சட்டம். தமிழ் வாசகருக்குக் கொலை என்றால் 302. ஆனால் 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனை இப்போது பிரிவு 103. முதல் தகவல் அறிக்கைக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154 இருந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173. சந்தேக மரணத்துக்கு எல்லோரும் சொல்லிப் பழகிய 174 இப்போது 194. எங்கள் நாவல் 2023இல் நடப்பதால் பழைய எண்கள்தான் சரி. அதே துப்பறிவாளர் வருகிற இரண்டாம் கதை 2025இல் நடக்கிறது. அதில் ஏட்டு வாய்தவறி '302' என்று சொல்ல, இளைய உதவி ஆய்வாளர் திருத்துகிற மாதிரி ஓர் இடம் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம்.

காவல் எல்லையிலும் கவனம் வேண்டும். பாளையங்கோட்டை, மேலப்பாளையம் எல்லாம் மாநகரக் காவல் ஆணையரின் கீழ் வருகின்றன. அம்பாசமுத்திரமும் நாங்குநேரியும் மாவட்டக் கண்காணிப்பாளரின் கீழ். எங்களுக்கு வந்த பிரதிகளில் பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் நடக்கும் கொலைக்கு எஸ்.பி. ஓடி வருகிறார். உள்ளூர் வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஒன்று சாதி. திருநெல்வேலிச் சீமையில் குற்றக்கதை எழுதிவிட்டு சாதியைப் பேசாமல் தாண்டிப் போக முடியாது. கொலையுண்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய்ந்தால், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது விதி. கதையில் ஆய்வாளரே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறார் என்றால், அந்தச் சட்டம் ஏன் போடப்படவில்லை என்ற கேள்வி எழுகிறது. சில சமயம் அந்தக் கேள்விதான் உண்மையான கதை. இதை எழுத்தாளர்களிடம் நான் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்திரங்களுக்கு ஊர் இருக்கிறது, தெரு இருக்கிறது, தெருவுக்கு ஒரு சாதி இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு எழுதினால் கொலைக்கான காரணம் நம்பும்படி இருக்காது.

பேய்க்கதைக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. எங்கள் இரண்டாம் நாவல் மாஞ்சோலையில் நடக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலைக்காடு அது. குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் அங்கிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலையை முடித்தார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தலைமுறைகள் வாழ்ந்த, வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளை விட்டு மக்கள் இறங்க வேண்டியதாயிற்று. காலியான லயன் வீடு, மேகம் இறங்கும் தேயிலைச் சரிவு, புலிகள் காப்பகத்தின் சோதனைச்சாவடி என்று பயமுறுத்துவதற்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. வந்த இன்னொரு பிரதியில் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் இறந்தவர்களை ஆற்றங்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளைப் பயமுறுத்தும் பேய்களாக ஆக்கியிருந்தார்கள். மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காகவும் ஊர்வலம் வந்து, போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு, கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்த நாள் அது. அந்தப் பிரதியைத் திருப்பி அனுப்பினோம். செத்தவர்கள் யாரைத் தேடி வருவார்கள் என்று யோசித்து எழுதினால் அதே எழுத்தாளரை மறுபடி படிக்கக் காத்திருக்கிறோம் என்று கடிதமும் எழுதினேன். இசக்கி எவரையும் சும்மா பயமுறுத்துவதில்லை. அவளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்தவர்கள்தான் இந்த மண்ணில் பேய்க்கதை எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவது அறிவியல் புனைகதை. இதற்குச் சென்னையையோ பெங்களூரையோ களமாக வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது. கூடங்குளத்தில் அணு உலை, அதைச் சுற்றி காற்றாலைகள், அதன் பக்கத்தில் இடிந்தகரை மீனவர்கள். ஆதிச்சநல்லூரில் பழங்கால ஈமத்தாழிகள். சிவகளையில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழமையானது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே ஏவினால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுவதுபோல் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியதில்லை, அந்த வளைவுக்குச் செலவாகும் எரிபொருள் மிச்சம். அதே குலசையில்தான் முத்தாரம்மன் தசரா. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து காளி வேஷமும் குறவன் வேஷமும் கட்டி ஆயிரக்கணக்கானவர்கள் கடற்கரைக்கு வருகிறார்கள். வேஷம் கட்டியவர்களும் ராக்கெட்டும் ஒரே கடற்கரையில் இருக்கிற ஊரை எந்தக் கற்பனைக்காரராலும் புதிதாக உண்டாக்க முடியாது. மூன்றாம் நாவலை எழுதியவர் அந்த ஊர்ப் பெண். எடிட் செய்தபின் அவருடைய பிரதியில் அறிவியல் விளக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது, பேச்சு மொழி இரண்டு மடங்காகியிருக்கிறது.

இனி காசு.

அச்சுக்குச் சிவகாசிதான். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு. நாவல் எழுதும்போதே பக்க எண்ணிக்கை ஃபாரத்துக்குள் அடங்குமா என்று பார்த்துக்கொண்டால் தாள் வீணாகாது. கிரவுன் அளவு, மஞ்சள் சாயல் உள்ள புக் பிரிண்ட் தாள், மேட் லேமினேஷன் போட்ட அட்டை. ஒரு கையில் பிடித்துப் படிக்க முடிகிற எடை. சிவகாசிக்கு ஒரு பருவம் உண்டு. ஆடிப்பெருக்கு அன்று புதிய காலண்டர் ஆல்பம் வெளியிட்டுவிட்டால், அதன்பிறகு ஆண்டு முடியும்வரை காலண்டரும் டைரியும்தான் இயந்திரத்தில் ஓடும். எங்களைப் போன்ற சின்னப் பதிப்பகம் பொங்கலுக்குப் பிறகு, ஆடிக்கு முன்பு வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். "யக்கா, மாசியில வாங்க, மாப்ள மாதிரி கவனிப்போம்" என்று அச்சக மேலாளர் சொன்னார். மாசியில் போனோம், சொன்னபடியே கவனித்தார்கள்.

ஒரு கணக்குக்காக விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு 35 சதவீதக் கழிவு கொடுத்தால் 70 போய்விடும். எழுத்தாளருக்குப் பத்து சதவீதம், 20. அச்சுக்கு 70 ஆனால் மிச்சம் 40. அட்டை ஓவியர், வடிவமைப்பாளர், லாரி வாடகை, திரும்பி வரும் பிரதிகள் எல்லாம் அந்த நாற்பதுக்குள் அடங்க வேண்டும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது வாசகருக்கு நல்லது. ஆனால் தாளுக்கும் அட்டைக்கும் கட்டிய வரியை நாங்கள் திரும்பப் பெற வழியில்லை, அது அடக்க விலையிலேயே உட்கார்ந்துவிடும். நேரடியாக வாசகருக்கு விற்றால் 110 நிற்கிறது, தபால் செலவு அதில் போகும். மலிவாகப் புத்தகம் அனுப்ப உதவிய பதிவுப் புக் போஸ்ட்டை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்தியதிலிருந்து அந்தச் செலவும் கனக்கிறது. எனவே நாலு புத்தகத்துக்கு ஆண்டுச் சந்தா, இரண்டிரண்டாகக் கட்டி அனுப்புவது என்று முடிவு செய்தோம். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வந்தால் நல்லதுதான். அதை எதிர்பார்த்துப் புத்தகத்தின் பக்கத்தையும் விலையையும் நிர்ணயித்தால், பதிப்பகம் வாசகரை விட்டு நூலகத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும்.

விற்கிற இடம் பற்றி மதினிக்குத் தெளிவு இருக்கிறது. சென்னையில் ஜனவரிக் கண்காட்சியில் இன்னொரு பதிப்பகத்தின் அரங்கில் இடம் கேட்டிருக்கிறோம். பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவில் எங்கள் சொந்த அரங்கு. அதைவிட முக்கியமானது ஊருக்குள் இருக்கிற சின்னச் சின்ன இடங்கள். ஆஸ்பத்திரி எதிரில் இருக்கிற மருந்துக்கடை, விடுதிகள் பக்கத்து ஜெராக்ஸ் கடை, ஜங்ஷன் பக்கத்துப் பத்திரிகைக் கடை, தென்காசி வழியில் இரண்டு டீக்கடை. கடைக்கு ஐந்து பிரதி, ஒரு சின்னத் தகரத் தாங்கி. விற்றால் காசு, விற்காவிட்டால் மாற்றுப் புத்தகம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர் கையில் ஒரு நாவல் இருக்க வேண்டும். படுக்கை விளக்கை அணைக்கும்வரை படித்து, தாம்பரம் வருமுன் முடித்துவிடுகிற நீளத்தை மனதில் வைத்துத்தான் எல்லாப் பிரதிகளையும் சுருக்குகிறோம்.

மின்னூலையும் விடவில்லை. 2016 கடைசியில் கிண்டில் தமிழை ஏற்றதிலிருந்தும், பிரதிலிபி போன்ற செயலிகள் வந்ததிலிருந்தும், வாடகை நூலகத்தில் இருந்த வாசகர்கள் பெருமளவு போனுக்குள் போய்விட்டார்கள். அங்கே தொடர் எழுதுகிற பெண்களில் நல்ல கதைசொல்லிகள் இருக்கிறார்கள். எங்கள் மூன்று எழுத்தாளர்களில் ஒருவர் அப்படிக் கிடைத்தவர். செயலியோடு என்ன ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டு, அதை வரிவரியாகப் படித்த பிறகே மேலே பேசினோம்.

ஒப்பந்தம் என்றதும் ஒரு வார்த்தை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எழுதுகிற எல்லோரும் ஒருமுறை படித்துவிட வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று பொருள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று பொருள். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லாதவரை, அது எழுத்தாளருக்கே திரும்பிவிடும். எழுத்தாளர் காலமான பிறகும் 60 ஆண்டு அவர் குடும்பத்துக்கு உரிமை உண்டு. எங்கள் ஒப்பந்தம் இரண்டு பக்கம், தமிழில். அச்சும் மின்னூலும் ஐந்து ஆண்டுக்கு எங்களிடம். சினிமா, வெப் சீரிஸ், மொழிபெயர்ப்பு எல்லாம் எழுத்தாளரிடம். துப்பறிவாளர் எழுத்தாளருடைய பிள்ளை, அவர் வேறு பதிப்பகத்துக்குப் போனால் கூடவே போவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு, கணக்கோடு பணம். இதில் எந்த வரியையும் நான் பெருந்தன்மை என்று நினைக்கவில்லை. மூன்றாவது புத்தகம் எங்களுக்கு வேண்டும், அதற்கு நம்பிக்கை வேண்டும்.

புத்தகம் வந்ததும் ஒரு கடமை இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி பதிப்பாளர் செலவில் அனுப்ப வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. நாங்கள் நான்கு உறைகளுக்கு முகவரி எழுதி வைத்துவிட்டோம். மாத நாவல்களில் எவ்வளவோ இன்று எங்கும் கிடைக்காமல் போனதற்கு இந்தக் கவனக்குறைவும் ஒரு காரணம். மதினி வீட்டு அலமாரியில் பென்சில் குறிகளோடு இருக்கிற சில நாவல்களை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. உரிமைக்காரர்களைத் தேடிப் பிடித்து ஆண்டுக்கு ஒன்றாவது மறுபதிப்பு செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது.

இப்போது பிரதி அனுப்ப நினைக்கிறவர்களுக்கு. முப்பதாயிரம் முதல் நாற்பத்தைந்தாயிரம் சொல் வரை, யூனிகோடில். தென்மாவட்டக் களம் கட்டாயம் இல்லை, ஆனால் களம் எதுவோ அந்த ஊர்ப் பஸ் எந்த வழியாகப் போகும் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணின் பிணத்தோடு தொடங்குகிற கதை என்றால், அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது எப்படிப்பட்டவள் என்பதும் கதையில் இருக்க வேண்டும். காவல்துறை, ஆஸ்பத்திரி, பதிவுத்துறை, மின்வாரியம், துறைமுகம், உப்பளம் என்று ஏதாவது ஒரு வேலையின் உள்விவரம் தெரிந்தவர்கள் முதல்முறை எழுதினாலும் அனுப்புங்கள், மொழியை நாங்கள் கூட உட்கார்ந்து சரிசெய்வோம். மூன்று மாதத்துக்குள் பதில் வரும், மறுப்பாக இருந்தாலும் காரணத்தோடு வரும். ஒரே துப்பறிவாளரை வைத்துத் தொடர்ந்து எழுதும் எண்ணம் இருந்தால், இரண்டாம் கதையின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். மதினி அதைத்தான் முதலில் படிப்பார்.